ராத்திரியில் திறந்திருக்கும் ஒரே கதவு

“சின்னச் சின்ன நோவுக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு ஓடி வந்துர்றாங்க. இவங்களாலதான் நெஜமான அவசர நோயாளியைப் பாக்க முடியாமப் போவுது.”

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டாக்டர்கள் சொல்கிறார்கள். அதிகாரிகள் சொல்கிறார்கள். பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற செக்யூரிட்டிகூடச் சொல்கிறார். சேரியிலிருந்து படித்துப் போய், கம்பெனி தந்த இன்ஷூரன்ஸ் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிற நம்மவர்களும் இப்போது சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லோரும் சொல்வதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. பொதுப்புத்தி என்பது பெரும்பாலும் யாருக்கோ வசதியான புத்தி. இது யாருக்கு வசதி என்று கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். கூட்டம் இருப்பது நிஜம். திருவள்ளூரில் மாவட்ட ஆஸ்பத்திரி 2022இல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக ஆனது. கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அதற்கும் மேலே என்றால் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி வடசென்னைக்கு, ஸ்டான்லிக்கு. எங்கே போனாலும் ராவு எட்டு மணிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவில் ஜொரம், இருமல், வயிற்றுவலி, கொப்புளம், கண் எரிச்சல், தகரம் கிழித்த விரல் என்று சனம் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டு அரசின் விபத்து அவசர சிகிச்சைத் திட்டத்தில் வருகிறவர்களை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறமாகப் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும். பச்சை என்றால் காத்திருக்கலாம். ராத்திரியில் பச்சைதான் அதிகம் என்று சொன்னால் அதை மறுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

நம்முடைய கேள்வி வேறே. இந்தப் பச்சைக்காரர்கள் பகலில் எங்கே இருந்தார்கள்?

கடிகாரத்தைப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடுவது காலைப் பொழுதில். மத்தியானத்துக்குள் கூட்டத்தை முடித்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருப்பது சாயங்காலம் வரைக்கும். அதற்குப் பிறகு நர்ஸ்தான், பிரசவம்தான். சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிற கம்பெனிக்கோ, கம்பி உருட்டுகிற மில்லுக்கோ, திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கோ காண்ட்ராக்டில் போகிறவரைக் கேளுங்கள். காலையில் எட்டு மணிக்கு கேட்டுக்குள் நுழைந்தால் ராவு எட்டுக்குத்தான் வெளியே. கம்பெனி வேனுக்கு ஆறரைக்கே ரோட்டில் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரி திறந்திருக்கிற நேரம் பூராவும் அவர் கேட்டுக்கு உள்ளே. அவர் வெளியே வருகிற நேரம் ஆஸ்பத்திரியில் திறந்திருக்கிற கதவு ஒன்றே ஒன்று. அதன் மேல் ‘அவசரம்’ என்று போர்டு மாட்டியிருக்கிறது. அந்தப் போர்டை அவர் எழுதவில்லை.

பன்னிரண்டு மணி நேரமா, சட்டத்தில் எட்டு மணி நேரம்தானே என்று யாராவது கேட்பார்கள். 1946இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததை 48 மணி நேரமாகக் குறைத்த காலத்தில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். அந்த எட்டு மணி நேரம் சும்மா வந்ததில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் ஒரு மசோதாவை நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதை நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். காகிதத்தில் திரும்பப் பெற்றது சரி. காண்ட்ராக்ட் மேஸ்திரியின் நோட்டில் அது எப்போதோ அமலுக்கு வந்துவிட்ட சட்டம். எட்டு மணி நேரத்துக்கான கூலி வீட்டு வாடகைக்கே பத்தாதபோது ‘ஓ.டி. வேணாம்’ என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்?

இனி கூலியைப் பாருங்கள். பகலில் ஓ.பி.க்குப் போவதென்றால் ஒரு நாள் லீவு. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதோடு நிற்காது. மாதம் பூராவும் தவறாமல் வந்தால் தருகிற அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் போகவில்லை என்றால் மேஸ்திரி வேற ஆளை ஏற்றிவிடுவார். மூன்றாம் நாள் கேட்டில் நம்ம பேர் இருக்காது. நூத்தியொண்ணு டிகிரி ஜொரத்துக்கு இவ்வளவு விலை யார் கொடுப்பார்கள்? ராத்திரி போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, நாலு மாத்திரை வாங்கிக்கொண்டு, காலையில் ஆறரைக்கு ரோட்டில் போய் நின்றுவிடலாம் என்றுதான் தோன்றும். அவர் ஆஸ்பத்திரிக்கு வருவது நாளைய கூலியைக் காப்பாற்ற. நோய் வாசியானால் அது கூடுதல் லாபம்.

‘இ.எஸ்.ஐ. இருக்கே’ என்பார்கள். இருக்கிறது. அதன் கதையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்கால இன்ஷூரன்ஸ் எப்படி அமைப்பது என்று திட்டம் வகுக்க பி.பி. அடார்கரை 1943இல் அமர்த்தினார்கள். 1944இல் அவர் அறிக்கை கொடுத்தார். அப்போதும் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம்தான். அந்த அறிக்கையின் வழியில்தான் 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நோய் வந்தால் கூலி நின்றுபோகக் கூடாது என்பதுதான் அதன் உயிர். மருந்து மட்டும் கொடுத்தால் போதாது, படுத்திருக்கிற நாளுக்குக் காசும் கொடுக்க வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

இன்று அந்த உயிர் எப்படி இருக்கிறது? நோய்ப்படியாகச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை என்பது நீண்டகாலமாக இருந்துவரும் விதி. ஆனால் ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நோய் வந்த முதல் ரெண்டு நாளுக்குப் படி கிடையாது. சாதாரண ஜொரம் ரெண்டு நாளில் விட்டுவிடும். காசோ மூன்றாம் நாளிலிருந்துதான் ஆரம்பிக்கும். சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. என்று 2017 ஜனவரியில் வரம்பு வைத்தார்கள். ஓ.டி.யை நம்பியே வாழ்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் யார் விளக்குவது? மேஸ்திரி மாறும்போது நம்பர் மாறுகிறது. கூலியில் பிடித்தது கட்டினதா இல்லையா என்பது சிலிப்பே தராத காண்ட்ராக்டருக்குத்தான் வெளிச்சம். கார்டே கையில் இல்லாதவரிடம் ‘டிஸ்பென்சரிக்குப் போ’ என்றால் எங்கே போவார்? கார்டு இருந்தாலும் அந்த டிஸ்பென்சரியும் பகலில்தானே திறந்திருக்கிறது!

இன்னொரு விஷயம். டாக்டர்களிலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. நோய்களும் ஷிப்ட் பார்த்துத்தான் வருகின்றன.

கண்ணாடி இல்லாமல், கருப்பு ஷீல்டு இல்லாமல் வெல்டிங் பக்கத்தில் நின்றவருக்குக் கண்ணில் ஒன்றும் உடனே தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல எரியும். திறக்க முடியாது, மூட முடியாது. உருளைக்கிழங்கை வெட்டிக் கண்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் ரெண்டு மணிக்கு யார் பைக்கிலாவது ஏறி ஆஸ்பத்திரிக்கு வருவார். துத்தநாகம் பூசின தகடை வெல்டிங் வைத்தாலும் அப்படித்தான். அந்தப் புகையை இழுத்தவருக்கு வேலை முடிந்து நாலைந்து மணி நேரம் கழித்துக் குளிர்ஜொரம் வரும், உடம்பெல்லாம் முறித்துப்போடும், மறுநாள் விட்டுவிடும். உலகம் பூராவும் உலோகப் பட்டறைகளில் இதற்குத் ‘திங்கட்கிழமை ஜொரம்’ என்று பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை புகையில்லாமல் இருந்த உடம்பை திங்கட்கிழமைப் புகை மறுபடி அடிப்பதால் வந்த பேர். இந்த ரெண்டு பேருக்கும் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவார்கள்? ‘கண் எரிச்சல்’, ‘காய்ச்சல்’. நிறம் பச்சை. கம்பெனி எந்தச் சீட்டிலும் இருக்காது.

பெண்களின் கணக்கு இன்னும் மோசம். விடிகாலையில் எழுந்து, தண்ணி பிடித்து, சோறு வடித்து, கம்பெனிக்கோ செங்கல் சூளைக்கோ வீட்டு வேலைக்கோ போய்த் திரும்பி, மறுபடி அடுப்பு. பிள்ளைக்கு உடம்பு சுடுவது பகலெல்லாம் மிதமாக இருக்கும், பொழுது சாய்ந்ததும் ஏறும். ஜொரத்தின் குணமே அதுதான். சேரியிலிருந்து ராத்திரியில் தனியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தெருவைத் தாண்டிப் போக முடியாது. ஊட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வர வேண்டும். அவர் வந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தால் மணி பத்து. “ஏம்மா, மூணு நாளா ஜொரம்னு சொல்றியே, பகல்ல வர்றதுக்கு இன்னா?” என்று கேட்பார்கள். அந்த அம்மா பதில் சொல்ல மாட்டார். சொல்வதென்றால் வாழ்க்கையையே சொல்ல வேண்டும். க்யூ அதுவரை காத்திருக்காது.

‘எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க’ என்பதே தலைகீழான பேச்சு. நம்ம சனம் முதலில் ஓடுவது மெடிக்கல் ஷாப்புக்கு. ‘ஜொரத்துக்கு ஒரு செட்டு மாத்திரை குடுப்பா’ என்று வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகும். அதில் கேட்கவில்லை என்றால் தெருமுனையில் ஊசி போடுகிறவர். அவர் டாக்டரா, டாக்டரிடம் வேலை பார்த்தவரா என்று யாரும் கேட்பதில்லை. அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் பெரியாஸ்பத்திரி. அதாவது அவசரப் பிரிவு நமக்கு மூன்றாவது வாசல். அங்கே வந்து சேரும்போது சின்ன நோய் என்பது நாலு நாள் வளர்ந்த நோயாக இருக்கும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். எது சின்ன நோய்? அதை யார், எப்போது முடிவு செய்கிறார்கள்?

தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிற ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று எழுகிறார். வாந்தி வருகிறது. ‘ராத்திரி தின்னது சேரல’ என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஜெலுசில் கொடுத்து அனுப்பிவிடலாம், பச்சையிலும் பச்சை. ஆனால் கட்டுவிரியன் கடி இப்படித்தான் ஆரம்பிக்கும். அது ராத்திரியில், தூங்குகிறவரைக் கடிக்கும். வலி அவ்வளவாக இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடப் பல நேரம் தெரியாது. முதலில் வயிற்றுவலி. அப்புறம் கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். கட்டில் வைத்துப் படுக்கிறவர் வீட்டில் இது அபூர்வம். சூளையில், தோப்பில், மில்லில் வேலை பார்த்து அங்கேயே தரையில் படுக்கிற இருளர் குடும்பங்களுக்கு இது நிஜமான ஆபத்து. கொடுமை என்னவென்றால், விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுப்பதே இருளர்கள்தான். 1978இல் அவர்கள் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. அவர்கள் எடுத்த விஷத்திலிருந்து வந்த மருந்து ஆஸ்பத்திரி பிரிட்ஜில் இருக்கும். அந்தச் சாதியைச் சேர்ந்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

உலை பக்கத்தில் வேலை செய்தவருக்குத் தலைவலி, குமட்டல். பார்த்தால் பித்தம் மாதிரி இருக்கும். கார்பன் மோனாக்சைடு என்கிற வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அது தாக்கினாலும் இதே தலைவலி, இதே குமட்டல். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மெஷின்கூட ‘எல்லாம் சரி’ என்றே காட்டும். ‘கேஸ் ட்ரபிள்’ என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வருகிறவருக்கு மாரடைப்பாக இருக்கும், ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும். டெங்குவில் ஜொரம் விட்டதும் ‘அப்பாடா’ என்போம். ஆபத்து ஆரம்பிப்பதே ஜொரம் விடுகிற நேரத்தில்தான்.

ஆகவே ‘சின்ன நோய்’ என்பது பார்த்து முடித்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. வாசலில் வைத்துச் சொல்கிற வார்த்தை இல்லை. இதை நம்ம வாய்ச்சவடால் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2013இல் ஒரு ஆராய்ச்சி வெளியானது. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில், கடைசியில் முடிவான நோயை வைத்துப் பார்த்தால், சாதாரண டாக்டரே பார்த்திருக்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள் 6.3 சதவீதம்தான். இதைவிட முக்கியமானது அடுத்த கணக்கு. அந்த 6.3 சதவீதத்தினர் வரும்போது என்னென்ன தொந்தரவு சொன்னார்களோ, அதே தொந்தரவுகளைச் சொல்லிக்கொண்டுதான் அங்கே வந்தவர்களில் 88.7 சதவீதம் பேர் வந்திருந்தார்கள். வாசலில் சொல்லும் வார்த்தையை வைத்து சின்னது பெரியது பிரிக்க முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். அப்படியிருந்தும் 2017இல் அந்த நாட்டின் ஆந்தம் என்கிற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி, ‘பார்த்ததில் அவசரம் இல்லை என்று தெரிந்தால் பணம் தர மாட்டோம்’ என்று சில மாநிலங்களில் சொல்ல ஆரம்பித்தது. டாக்டர்களே எதிர்த்தார்கள். படித்த டாக்டருக்கே சோதித்த பிறகுதான் தெரிகிற ஒன்றை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆள் வீட்டிலேயே தெரிந்துகொண்டு வர வேண்டுமாம்!

தொடாமல், பார்க்காமல் நோயை அளந்து சொல்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. காந்தியின் ‘யங் இந்தியா’வில் 1929 டிசம்பரில் வெளிவந்த ஒரு கடிதத்தை அம்பேத்கர் தம் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற ரெண்டாம் நாள் நோயில் விழுந்தார். டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். ரெண்டு ரூபாய் பீஸ் பேசி, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார். அவர் கணவர் கையில் கொடுத்தார். கணவர் மனைவியிடம் வைத்து அதே வழியில் திருப்பிக் கொடுத்தார். ராவு எட்டு மணி சுமாருக்கு விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போனவர், அப்புறம் திரும்பி வரவில்லை. அந்த அம்மா செத்துப்போனார்.

இன்றைய டாக்டர்கள் எல்லாம் அப்படி என்று நாம் சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் நம்ம பிள்ளைகளும் டாக்டராக இருக்கிறார்கள். இடஒதுக்கீட்டின் பலன் அது. ஆனால் தூரத்தில் நிறுத்திவைத்தே ‘உனக்கு ஒண்ணுமில்ல, போ’ என்று சொல்கிற வழக்கம் ஒரு மனிதரின் கெட்ட குணத்தால் மட்டும் வருவதில்லை. யாருடைய வலி நம்பத்தக்கது, யாருடைய வலி மிகையானது என்று இந்தச் சமூகம் வெகுகாலமாகக் கணக்கு வைத்திருக்கிறது. அழுக்குச் சட்டை, கிரீஸ் கை, சேரி விலாசம், புரியாத பாஷை – இதெல்லாம் அந்தக் கணக்கில் கழித்தல். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சிப்காட்டுக்கு வந்திருக்கிற தொழிலாளி ‘பேட் மே தர்த்’ என்கிறார். வயிற்றுவலி என்கிறார் என்று யாராவது சொன்னால்தான் டாக்டருக்கே புரியும். எத்தனை நாளாக, எந்தப் பக்கம், எதற்கப்புறம் என்பதெல்லாம் பேச்சிலேயே வராமல் போகும். அவர்களிலும் பலர் அந்த ஊர்ச் சேரிகளிலிருந்து வந்தவர்கள்தான். சாதியை விட்டு ஓடிவந்தவரை ரயில் இங்கே இறக்கிவிட்டது. சீட்டில் ‘நார்த் இந்தியன்’ என்று புதுசாக ஒரு சாதி.

அவசரப் பிரிவின் கதவை யாருக்கும் மூடக் கூடாது என்பதும் தானாக வந்த உரிமை இல்லை. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் சேக் என்கிற விவசாயக் கூலி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒன்றன்பின் ஒன்றாக அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள். வசதி இல்லை, படுக்கை காலி இல்லை என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் பிழைத்தார். அவரும் அவருடைய விவசாயத் தொழிலாளர் சங்கமும் உச்சநீதிமன்றம் போனார்கள். அவசர சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை மீறுவது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். நிதி இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்றும் சொன்னார்கள். ஒரு கூலிக்காரரும் ஒரு கூலிக்காரர் சங்கமும் வாங்கிக் கொடுத்த உரிமை இது. ‘சின்ன நோய்க்காரர்களைத் திருப்பி அனுப்பு’ என்று கேட்கிறவர்கள் இந்தக் கதவில்தான் கை வைக்கிறார்கள்.

அதற்காக, உள்ளே இருக்கிறவர்களின் கஷ்டம் பொய் என்று சொல்ல மாட்டோம். ராத்திரியில் இருப்பது ஒன்றிரண்டு டூட்டி டாக்டர்கள், சில நர்ஸ்கள். நெடுஞ்சாலையில் லாரி அடித்து ரெண்டு பேரைக் கொண்டுவந்தால் அவ்வளவுதான். ஜொரக்காரர் பன்னிரண்டு மணி வரை உட்கார வேண்டியதுதான். அவர் கத்துவார். நர்ஸ் திருப்பிக் கத்துவார். ரத்தத்தைத் துடைக்கிற துப்புரவுப் பணியாளர் நம்ம தெருக்காரராகவே இருப்பார், அவரும் காண்ட்ராக்ட், அவருக்கும் லீவு கிடையாது, அவருக்கும் ஜொரம் வந்தால் இதே க்யூ. பாம்பு கடித்த பிள்ளை இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிற ஆபத்தும் உண்மை. அந்தப் பிள்ளையும் நம்ம பிள்ளைதான். ஆகவே கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் அக்கறை உண்டு. யாருடைய செலவில் குறைப்பது என்பதில்தான் தகராறு.

லாபம் யாருக்கு என்று கேட்டோமே, அதற்கு வருவோம். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் முதலுதவி அறை வைத்து, அதற்கு ஆட்களும் போட வேண்டும் என்று சொன்னது. 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்றது. ஆளைப் பல காண்ட்ராக்டரிடம் பிரித்துக் காட்டிவிட்டால் எண்ணிக்கையும் குறைந்துபோகும், பொறுப்பும் கரைந்துபோகும். கம்பெனியில் வந்த கண் எரிச்சலுக்கும் கம்பெனியில் வந்த ஜொரத்துக்கும் ராத்திரியில் அரசு ஆஸ்பத்திரி மருந்து கொடுக்கிறது. காலையில் ஆளை ரெடி செய்து கேட்டுக்கு அனுப்பிவைக்கிறது. அரசு அவசரப் பிரிவு கம்பெனிகளின் சம்பளமில்லாத முதலுதவி அறையாகிவிட்டது. இதைப் பற்றி ‘துஷ்பிரயோகம்’ என்று யாரும் எழுதுவதில்லை. ஜொரத்தோடு வந்த தொழிலாளி பண்ணுவதுதான் துஷ்பிரயோகமாம்.

அரசு திட்டம் போடவில்லையா என்றால், போடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். வீட்டிலிருக்கிற பாட்டிக்குக் கிடைக்கிறது. ஷிப்டில் இருக்கிற பேரனுக்கு ராத்திரியில் ஒரு டாக்டர் வேண்டும். அதுதான் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று. சிப்காட்டையும் தொழிற்பேட்டைகளையும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாயங்காலம் ஆறிலிருந்து ராவு பத்து வரை டாக்டரோடு ஓ.பி. வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

இரண்டு. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் பக்கத்திலேயே பச்சைக்காரர்களுக்கென்று தனி அறை, தனி டாக்டர். அப்போது பாம்புகடியும் லாரி அடியும் காத்திருக்க வேண்டாம்.

மூன்று. யாரையும் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் நாடி, ரத்த அழுத்தம், ஜொரம், மூச்சு எல்லாம் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். எழுதாமல் வாசலிலேயே அனுப்புவது குற்றம்.

நான்கு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இ.எஸ்.ஐ. நம்பர் கையில் வர வேண்டும். மேஸ்திரி மாறினாலும் நம்பர் மாறக் கூடாது. முதல் ரெண்டு நாளுக்கும் நோய்ப்படி வேண்டும். டிஸ்பென்சரி ஷிப்ட் நேரம் பார்த்துத் திறக்க வேண்டும்.

ஐந்து. ஆஸ்பத்திரிச் சீட்டில் எந்த வேலை, எந்த இடம் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒரே பட்டறையிலிருந்து மாதத்தில் பத்து பேர் கண் எரிச்சலோடு வந்தால் பட்டறைக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

ஆறு. தெலுங்கு, இந்தி, ஒடியா பேசத் தெரிந்த ஒருவர் ராத்திரியில் இருக்க வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம்ம வேலை முடிவதில்லை. ராத்திரிப் பாடசாலை நடத்துகிற தோழர்கள், மன்றம் வைத்திருக்கிற இளைஞர்கள், மகளிர் குழுக்கள் இதைப் பேச வேண்டும். மெடிக்கல் ஷாப் செட்டு மாத்திரையும் தெருமுனை ஊசியும் நோயை மறைக்குமே தவிர தீர்க்காது என்று சொல்ல வேண்டும். எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்: நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போவது, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வரும் காரணம் தெரியாத வயிற்றுவலி, ஜொரம் விட்ட பிறகும் தீராத வாந்தி. இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள், போங்கள். கோபத்தில் நர்ஸ் மேலோ டாக்டர் மேலோ கை ஓங்காதீர்கள். அந்த அடி விழ வேண்டிய இடம் அங்கே இல்லை. ராத்திரியில் இன்னும் ஒரு டாக்டர் வேண்டும் என்று அவர்களும் நாமும் சேர்ந்தே கேட்க முடியும்.

சர்க்கரை, பிரஷர், நாள்பட்ட இருமல் – இவற்றை ஓ.பி.யில் காட்டுங்கள் என்பதும் சரியான யோசனைதான். அதை யோசனையாகச் சொல்லட்டும், தண்டனையாகச் சொல்ல வேண்டாம். ஓ.பி.க்குப் போக ஒரு அரை நாளைக் கூலியோடு கொடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பிரசங்கமும் இல்லாமல் ராத்திரிக் கூட்டம் பாதி குறையும்.

நோயாளியின் பகலை கம்பெனிக்கு விற்றுவிட்டு, ராத்திரியில் அவர் எங்கே வருகிறார் என்று கேள்வி கேட்கிறார்கள். அவருக்குத் திறந்திருப்பது ஒரே கதவு. அதில் கூட்டம் என்றால், பக்கத்தில் இன்னொரு கதவைத் திறங்கள். திறக்கிற வரைக்கும் நம்ம சனம் இந்தக் கதவைத்தான் தட்டும். தட்டுவதற்கு அதற்கு உரிமை இருக்கிறது.